மாசமாக இருக்கும்போது வரும் சாப்பாட்டு அறிவுரை: எதை எடுப்பது, எதைத் தள்ளுவது

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தங்கச்சிமடமோ தொண்டியோ கீழக்கரையோ, ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரத்திலேயே இரண்டு பட்டியல் அவள் கைக்கு வந்துவிடும். வீட்டுப் பட்டியலில் பப்பாளி கூடாது, நண்டு சூடு, எள் ஆகாது, வயிறு முட்டத் தின்றால் பிள்ளை பெருத்து ஆபரேஷனில் போய் முடியும். ஆஸ்பத்திரிப் பட்டியலில் உப்பைக் குறை, சோற்றைக் குறை, எடை ஏறக் கூடாது, பழம் நிறையச் சாப்பிடு. இப்போது போனில் வருகிற மூன்றாவது பட்டியலும் சேர்ந்துகொண்டது. மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: அளவு இருக்காது. "உப்பைக் குறை" என்றால் எத்தனை கரண்டியிலிருந்து எத்தனை கரண்டிக்கு? "எடை ஏறக் கூடாது" என்றால் எத்தனை கிலோவுக்கு மேல்? அளவு சொல்லாமல் கொடுத்த மருந்தை யாரும் குடிப்பதில்லை. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

சல்லடை

எந்த அறிவுரை வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எவ்வளவு? எல்லாருக்குமா, எனக்கா? உடம்புக்குள் எந்த வழியாக அது நடக்கும்? இதைக் கேட்டு நடந்தால் என் தட்டிலிருந்து எது குறையும்?

நான்காவதுதான் முக்கியமானது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. குங்குமப்பூப் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது பொய். தோலின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஆனாலும் அந்தப் பாலைக் குடிப்பதால் போவது காசு மட்டுமே, பால் உடம்புக்கு நல்லதுதான். "மீனே வேண்டாம்" என்பது அப்படியல்ல. கடற்கரை வீட்டில் மீனை எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது சோறும் ரசமும். முதல் பொய்யோடு சண்டை போடத் தேவையில்லை, இரண்டாவதோடு போட்டே ஆக வேண்டும்.

சலிக்கக் கூடாதவையும் உண்டு. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்ப்பது, சர்க்கரைச் சோதனை, ஹீமோகுளோபின் சோதனை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை இந்தக் கட்டுரையில் கேள்விக்கு உரியவை அல்ல. ரத்தப்போக்கு, விடாத தலைவலியோடு கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது என்றால் வாசிப்பதை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.

எடை: எந்தக் கிலோ, யாருடைய கிலோ

"பத்துப் பன்னிரண்டு கிலோ ஏறணும்" என்று எல்லாருக்கும் ஒரே எண்ணைச் சொல்வது வழக்கம். 42 கிலோவில் மாசமானவளுக்கும் 75 கிலோவில் மாசமானவளுக்கும் அது ஒன்றாக இருக்க முடியாது.

முதலில் உங்கள் பிஎம்ஐயை (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) கண்டுபிடியுங்கள். மாசமாவதற்கு முன்பிருந்த எடை தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் 12 வாரத்துக்குள் பார்த்த எடையை எடுத்துக்கொள்ளலாம். எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு தடவை வகுக்க வேண்டும். 152 செ.மீ. உயரம், 50 கிலோ என்றால் 50 ÷ 1.52 ÷ 1.52 = 21.6. அதே உயரத்தில் 42 கிலோ என்றால் 18.2, 64 கிலோ என்றால் 27.7.

அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009-ல் வெளியிட்ட அளவுகளைத்தான் உலகில் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். பிஎம்ஐ 18.5-க்குக் கீழ் இருந்தால் பேறுகாலம் முழுக்க ஏற வேண்டியது 12.5 முதல் 18 கிலோ. 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16. 25 முதல் 29.9 வரை 7 முதல் 11.5. முப்பதும் அதற்கு மேலும் 5 முதல் 9. முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோ முதல் 2 கிலோ வரைதான் ஏறும். அதன்பின் வாரத்துக்கு, ஒல்லியானவருக்கு அரைக் கிலோ, நடுத்தரத்துக்கு 400 கிராமுக்குச் சற்று மேல், பருமனானவருக்கு 200 முதல் 300 கிராம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த அட்டவணை மேலை நாட்டு உடம்புக்குப் போட்டது. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே எடை கூடுதல் என்றும் 25-லேயே உடல்பருமன் என்றும் நம் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது என்பதே காரணம். ஆகவே 24 உள்ள பெண் ஒரு கணக்கில் நடுத்தரம், இன்னொன்றில் எடை கூடுதல். அவருக்கு 11 முதல் 12 கிலோ வரை ஏறினால் இரண்டு கணக்குக்கும் ஏறக்குறைய ஒத்துவரும். எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார் என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஏறுகிற கிலோ எல்லாம் கொழுப்பு என்று நினைப்பதால்தான் பயம் வருகிறது. 12 கிலோவைப் பிரித்துப் பாருங்கள்: குழந்தை 3, நஞ்சு (நஞ்சுக்கொடி) 0.6, பனிக்குட நீர் 0.8, கர்ப்பப்பை 1, மார்பு 0.4, கூடுதல் ரத்தம் 1.4, உடம்பில் சேரும் நீர் 1.4. மிச்சம் 3.4 கிலோதான் கொழுப்பு. அதுவும் பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடம்பு எடுத்து வைக்கும் சேமிப்பு.

எடை பார்ப்பதிலேயே பாதித் தப்பு நடக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் குடித்தாலே அரைக் கிலோ ஏறும். பதினொரு மணி பஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு மாதமும், வெறும் வயிற்றில் அடுத்த மாதமும் பார்த்தால் ஒரு கிலோ வித்தியாசம் தானாக வரும். முடிந்தவரை ஒரே மெஷின், ஒரே நேரம், சிறுநீர் கழித்தபின், செருப்பும் கைப்பையும் இல்லாமல், சமதரையில் பார்க்க வேண்டும். சுருள்கம்பி வைத்த பழைய எடைமெஷின் என்றால் ஏறும் முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை பார்த்த எண்ணுக்காகத் திட்டு வாங்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அட்டையில் மூன்று நான்கு எண்கள் வரிசையாக விழுந்தபின்தான் போக்கு தெரியும்.

விதிவிலக்கு ஒன்று. ஒரே வாரத்தில் 1 கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கைவிரலும் வீங்கினால் அது தின்று ஏறிய எடையல்ல, தேங்கிய நீர். "ரொம்பத் தின்னுட்ட" என்று யார் சொன்னாலும் அன்றைக்கே ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். 140/90 என்பது எல்லை. மறுபக்கம், வாந்தியில் எடை 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலும் (50 கிலோவில் 2.5 கிலோ), குடித்த தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும் "மசக்கை அப்படித்தான்" என்று காத்திருக்கக் கூடாது.

பருமனான பெண்ணிடம் "இந்த ஒன்பது மாசத்துல குறைச்சுடு" என்று சொல்வது தவறான அறிவுரை. முப்பதுக்கு மேல் பிஎம்ஐ உள்ளவருக்கே 5 கிலோ ஏற வேண்டும் என்றுதான் அட்டவணை சொல்கிறது. பேலியோ, கீட்டோ, பதினாறு மணிநேர விரதம் எதுவும் இந்தக் காலத்துக்கு அல்ல. அதேபோல், ஒல்லியாக இருப்பதால் தனக்குச் சர்க்கரை வராது என்று சோதனையைத் தவிர்ப்பதும் தப்பு. எடையைப் பார்த்து யாருடைய ரத்தத்தையும் ஊகிக்க முடியாது.

குறைவாகத் தின்றால் சுகப்பிரசவமா

பிள்ளை சின்னதாக இருந்தால் லேசாக வெளியே வரும், அதனால் ஏழாம் மாதத்திலிருந்து சோற்றைக் குறை என்பது அப்பத்தாக்கள் மட்டும் சொன்னதல்ல. 1889-ல் புரோகோவ்னிக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதையே எழுதினார். இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்காகச் சொன்னது அது. சிசேரியன் என்றாலே உயிருக்கு ஆபத்து என்றிருந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. பிறகு அது எல்லாப் பெண்களுக்குமான விதியாகி, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க டாக்டர்கள் 9 கிலோவுக்கு மேல் ஏறவிடாமல் பெண்களைப் பட்டினி போட்டார்கள். 1970-ல் அங்கே வந்த அறிக்கைதான் அதைத் திருப்பி, 11 கிலோ அளவுக்கு ஏறட்டும் என்றது. 1944–45 குளிர்காலத்தில் போரால் பஞ்சத்தில் சிக்கிய நெதர்லாந்துப் பெண்களின் பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தது இதற்குள் தெரிந்துவிட்டிருந்தது, அதன் பாதிப்பு அந்தப் பிள்ளைகளுக்கு நடுவயதில் சர்க்கரைக் கோளாறாக வந்தது பிறகு தெரிந்தது.

தாய் பட்டினி கிடந்தால் குழந்தைக்கு முதலில் குறைவது கொழுப்பும் சதையும். மூளைக்குப் போகும் ரத்தத்தை உடம்பு கடைசிவரை காப்பாற்றும், ஆகவே தலை லேசில் சிறுக்காது. பிரசவத்தில் வழி கேட்பது தலைதான். ஆக 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்த பலவீனமான பிள்ளை கிடைக்கும், வலி குறையாது.

"ரெண்டு உசுருக்குத் தின்னு" என்பதும் இதற்கு எதிர்த்திசையில் தப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2020 கணக்குப்படி கூடுதலாகத் தேவை நாளுக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் கிட்டத்தட்ட அது வந்துவிடும். கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்), ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் மோர் என்றாலும் அதற்குப் பக்கத்தில் வரும். கலோரியைவிடப் புரதம்தான் நம் தட்டில் இடிக்கும். நடு மூன்று மாதத்தில் நாளுக்கு 9.5 கிராமும் கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டை 6 கிராமுக்குச் சற்று மேல். 100 கிராம் மீன் 18 முதல் 20 கிராம். கைப்பிடி கடலை 7. தாய்மார்களுக்கென்று டப்பாவில் விற்கும் பவுடர் சத்து இல்லாததல்ல, ஆனால் அதன் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கடையிலேயே நின்று கணக்குப் போடலாம். புரதத்தை மட்டும் பவுடராக அதிகம் சேர்ப்பதை உலக சுகாதார நிறுவனமே 2016 வழிகாட்டியில் பரிந்துரைக்கவில்லை.

நோன்பு பற்றி ஒரு வார்த்தை. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் ரமலான் நேரத்தில் இந்தக் கேள்வி வரும். மாசமாக இருப்பவருக்கும் பால் கொடுப்பவருக்கும் மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. சர்க்கரை, ரத்தச்சோகை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறுமா

பீட்ரூட், மாதுளை, பேரீச்சை. இந்த மூன்றையும் சொல்லாமல் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவும் இல்லை. நாளுக்குத் தேவை 27 மி.கி. இரும்பு. 100 கிராம் பீட்ரூட்டில் இருப்பது 1 மி.கி. அளவுதான். மாதுளையில் அதைவிடக் குறைவு. பேரீச்சையில் ஓரளவு இருந்தாலும் நாலைந்து பழத்தில் வருவது சொற்பம். பீட்ரூட்டின் சிவப்பு ஒரு சாயம், இரும்பல்ல. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 4 முதல் 5 மி.கி. உண்டு, அதிலும் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஏறாது.

ஏறும் அளவைக் கூட்ட வழி இருக்கிறது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேருங்கள். அதே சாப்பாட்டில் ஒரு துண்டு மீனோ கறியோ இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாக ஏறும். டீ, காபி சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்போ பின்போ தள்ளிப் போகட்டும். மீன் வாங்கக் காசு இல்லாத வீட்டிலும் செலவில்லாமல் செய்யக்கூடியது இந்த டீயைத் தள்ளிவைப்பதுதான். ஆட்டுச் சுவரொட்டியில் இரும்பு நிறைய, நன்றாக வேகவைத்து வாரம் ஒரு முறை சாப்பிடலாம். ஈரலை மட்டும் முதல் மூன்று மாதத்தில் தவிருங்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், அளவு மீறினால் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். "ரத்தம் கம்மி, ஈரல் தின்னு" என்பதற்கு அளவு கேட்காமல் வாரம் மூன்று நாள் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை செய்தாலும் 27 வராது, அதனால்தான் மாத்திரை. அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் என்றால் இரண்டாக்குவார்கள். மாத்திரை தின்றால் பிள்ளை கறுக்கும், பெருக்கும் என்பது இந்தக் கரையில் இன்னும் பலர் நம்புவது. கறுப்பது மலம் மட்டும்தான். குமட்டினால் நிறுத்தாதீர்கள், ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும் முன் போட்டுப் பாருங்கள். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் அடித்துக்கொள்ளும். அதைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பை ராத்திரி என்று பிரித்துவிட்டால் குழப்பம் இல்லை. ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 1 கூடவில்லையென்றால் மாத்திரையைத் திட்டிப் பயனில்லை. வேறு காரணம் தேடச் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரை (அல்பெண்டசோல் 400 மி.கி.) நான்காம் மாதத்துக்குமேல் போட்டாயிற்றா என்பதையும் கேளுங்கள்.

மீன்: எது, எவ்வளவு, எது வேண்டாம்

மீனில் பாதரசம் இருக்கிறது என்று போனில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மீனையே விட்டவர்கள் உண்டு. பாதரசம் உண்மை. ஆனால் அது சேரும் விதம் தெரிந்தால் பயம் பாதியாகும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை அதைவிடப் பெரியது தின்ன, ஒவ்வொரு படியிலும் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். நீண்ட நாள் வாழும் வேட்டை மீனில் அதிகம், ஓராண்டு ஈராண்டு வாழும் சிறு மீனில் மிகக் குறைவு. ஆக, விலை மலிந்த மீன்தான் மாசமானவளுக்கு நல்ல மீன்: சாளை, சூடை, நெத்திலி, காரல், அயிலை. குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பு சாளையிலும் அயிலையிலும் நிறைய. நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும்.

அளவு வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் சதை. மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 75 முதல் 113 கிராம். தலை, குடல், முள் போகும் என்பதால் சாளை வாங்கும்போது இதன் இரண்டு மடங்கு வாங்க வேண்டும். பெரிய சுறா, மயில்மீன், தளப்பத்து வேண்டாம். பெரிய சீலாவை எப்போதாவது ஒரு துண்டோடு நிறுத்துங்கள். பேத்தை மீன் யாருக்குமே ஆகாது, அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது. நண்டும் இறாலும் "சூடு" என்று ஒதுக்க வேண்டியதில்லை, இறந்து நாளான நண்டைத்தான் ஒதுக்க வேண்டும். எல்லாமே முழுதாக வெந்திருக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில் மீன் விலை ஏறும். நாட்டுப்படகில் வரும் கொஞ்சம் மீனும் கைக்கு எட்டாவிட்டால் முட்டையையும் பயறையும் கூட்டுங்கள். நெத்திலிக் கருவாடும் உதவும்: 30 கிராமில் ஒரு முட்டையைவிட அதிகப் புரதம். தலையைக் கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, மண்ணும் உப்பும் போக இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். குழம்பில் பிறகு உப்புப் போட வேண்டியிருக்காது. மஞ்சளாகப் பொடிந்து, காறிய எண்ணெய் வாடை அடிக்கும் கருவாட்டைக் கழுவிப் பயனில்லை.

சுறாப்புட்டு தனிக்கதை. பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது நல்ல எண்ணம்தான். பால் ஊற வைப்பது சுறா அல்ல, அதிலுள்ள புரதமும் அடிக்கடி மார்பில் போடுவதும்தான். பாதரசம் பாலிலும் போகும். அதே புட்டை அயிலையிலோ சின்னப் பாறையிலோ செய்யலாம். அரைக் கிலோ மீனை மஞ்சள், உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் தோலும் முள்ளும் எடுத்து உதிருங்கள். அயிலையில் நடுமுள்ளை உருவியபின் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். நல்லெண்ணெயில் 15 பல் பூண்டு, 20 சின்ன வெங்காயம், கருவேப்பிலை வதக்கி, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் சீரகமும் சேர்த்து, உதிர்த்த மீனைப் போட்டு ஈரம் வற்றக் கிளறினால் ஆயிற்று. சுறாவின் பதம் வராமல் கொழகொழத்தால் மீனைப் பிழியாமல் போட்டிருப்பீர்கள். உதிர்த்ததும் துணியில் லேசாகப் பிழிய வேண்டும்.

உப்பும் தண்ணீரும்

கால் வீங்கினால் உப்பை நிறுத்து என்பது பழைய ஆஸ்பத்திரி வழக்கம். சாயங்காலம் கணுக்கால் வீங்கி, காலையில் வடிந்தால் அது கர்ப்பப்பை ரத்தக்குழாயை அழுத்துவதால் வருவது. இடது பக்கம் சாய்ந்து படுப்பதும் காலை உயர்த்தி வைப்பதும் போதும். ரத்தக்கொதிப்பு வராமல் தடுக்க உப்பைக் குறைப்பதை உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே பரிந்துரைக்கவில்லை. கால்சியம் குறைவாகச் சாப்பிடும் ஊர்களில் கால்சியம் மாத்திரைதான் அந்த வேலையைச் செய்கிறது. அதற்காக ஊறுகாயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றல்ல. எல்லாருக்குமான அளவு நாளுக்கு 5 கிராம், மட்டமான ஒரு தேக்கரண்டி. நாலு பேர் வீட்டில் 1 கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். முப்பது நாளில் தீர்ந்தால் கை தாராளம்.

எந்த உப்பு என்பதும் கேள்வி. வாலிநோக்கம் பக்கம் உப்பளம் கண்ணுக்கு எதிரே இருப்பதால் கல்லுப்பை மூட்டையாக வாங்குவது சுலபம். கடலில் அயோடின் இருக்கிறது, அதனால் கல்லுப்பிலும் இருக்கும் என்று நினைப்பது தப்பு. பாத்தியில் விளைந்த உப்பில் அது மிகச் சொற்பம், பிறகு கலந்தால்தான் உண்டு. மாசமானவளுக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அயோடின் கலந்தது என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்கி, மூடிய டப்பாவில் வையுங்கள். திறந்த பானையில் ஈரம் கோத்தால் அயோடின் போய்விடும். கருவாடு போடக் கல்லுப்பு இருக்கட்டும், குழம்புக்கு வேண்டாம்.

இந்த மாவட்டத்தில் யாரும் கேட்காத உப்பு தண்ணீரில் இருப்பது. லிட்டருக்கு 1 கிராம் உப்புக் கரைந்த கிணற்றுத் தண்ணீரை 3 லிட்டர் குடித்தால் 3 கிராம் உப்பு ஏறிவிட்டது, சாப்பாட்டுக்கு முன்பே. வங்கதேசக் கடற்கரையில் உப்புத் தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கொதிப்பு கூடுதலாக வந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, 2000 தாண்டினால் குடிக்கவே கூடாது. நல்ல தண்ணீர் குடம் காசு கொடுத்து வாங்கும் வீடு என்றால் மாசமானவள் குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் அதை ஒதுக்கிவிட்டு, மற்றதில் சிக்கனம் பாருங்கள். அந்தக் குடத்தை அவளே தூக்கி வருவது இன்னொரு பிரச்சினை; அரைக்குடமாக இரண்டு நடை.

சர்க்கரை, சோறு, கருப்பட்டி

தமிழ்நாட்டில் மாசமான எல்லாருக்கும் சர்க்கரை பார்ப்பது 2007-லிருந்து நடக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணிநேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் செய்ய வேண்டும். 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

வந்துவிட்டால் "சோறே வேண்டாம்" என்பது அதிகப்படி. வேளைக்கு ஒரு டம்ளர் அளவு சோறு, அதற்கு முன்னால் காயும் மீனும், மிச்சப் பசிக்கு இரண்டு வேளைக்கு நடுவே சுண்டல், மோர், முட்டை. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிட நடை. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும் சாப்பிட்ட இரண்டு மணிநேரத்தில் 120-க்குக் கீழும் இருந்தால் உங்கள் அளவு சரி. குதிரைவாலி நல்ல தானியம், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். சோற்றை அளந்துவிட்டுக் குதிரைவாலியை அளக்காமல் தின்றால் எண் ஏறும். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்பது இந்தப் பனங்காட்டுச் சீமையில் பிடிவாதமான நம்பிக்கை. கருப்பட்டியில் பெரும்பங்கு வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழுத்த பப்பாளி சாப்பிடலாம், பால் வடியும் காயைத் தவிர்க்கலாம். அன்னாசி நாலு துண்டு ஒன்றும் செய்யாது. எள்ளுருண்டை கருவைக் கலைக்காது. நெய் குடித்தால் பிள்ளை வழுக்கி வரும் என்பது, குடலும் கர்ப்பப்பையும் ஒரே குழாய் என்று நினைத்துச் சொன்னது. காபி இரண்டு டம்ளருக்குள். காய்ச்சாத பால் வேண்டாம்.

கேட்பது எப்படி

ஆஸ்பத்திரியில் கிடைப்பது மூன்று நான்கு நிமிடம். எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றாமல் எண்ணைக் கேட்பதுதான் வழி. "உப்பைக் குறைக்கச் சொன்னீங்க டாக்டரம்மா, பிரஷர் கூடியிருக்கா, இல்ல பொதுவாச் சொல்றீங்களா?" "எடை கூடுதல்னு சொல்றீங்க சிஸ்டர், இந்த மாசம் எத்தனை கிலோ ஏறியிருக்கணும்?" பதிலை அட்டையின் ஓரத்திலேயே எழுதச் சொல்லுங்கள், எழுதும்போது சொல்பவருக்கும் எண் தெளிவாகும். வீட்டில் மீனே வேண்டாம் என்கிற மாமியாரிடம் வேறு தந்திரம். "அத்தை, நீங்க சொன்ன மாதிரி சுறாவை நிறுத்திட்டேன், அயிலையில புட்டு வைங்க" என்றால் அவர் அறிவுரை பாதி நிறைவேறியதுபோலவும் ஆகும், உங்கள் தட்டும் நிறையும். கிராம நர்ஸம்மா வீட்டுக்கு வரும் நாளில் மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும். மருமகள் சொன்னால் வாதம், நர்ஸம்மா சொன்னால் செய்தி.

பிள்ளை பிறந்தபின்

தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று பச்சை உடம்புக்காரிக்கு நாளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் அளந்து கொடுக்கும் வழக்கம் உடனே நிறுத்த வேண்டியது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது எல்லாம் இதனால் கூடும். வயிறு பெருத்துத் தெரிவது கர்ப்பப்பை சுருங்க ஆறு வாரம் ஆவதாலும் தசை தளர்ந்ததாலும்தான். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். பூண்டும் மிளகும் சேர்த்த பத்தியக் குழம்பு நல்லதே. காய்கறி, பழம், பருப்பை நாற்பது நாள் நிறுத்துவதுதான் கெடுதல். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், மாசமாக இருந்தபோது வேண்டியதைவிட அதிகம். லேகியத்தைச் சுண்டைக்காய் அளவில் நிறுத்துங்கள், சர்க்கரை இருந்தவருக்கு அதிலுள்ள கருப்பட்டி கணக்கில் சேரும்.

குழந்தைக்குச் சேனை (பிறந்ததும் நாக்கில் வைக்கும் இனிப்பு) தொட்டு வைப்பதற்குப் பதிலாகச் சீம்பாலை முதல் மணிநேரத்திலேயே கொடுங்கள். ஆறு மாதம்வரை, சித்திரை வெயிலிலும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

எடையைக் குறைக்க அவசரமில்லை. குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் என்று முதல் நாளிலேயே 5 கிலோ அளவுக்குப் போயிருக்கும். ஆறு வாரத்துக்குப்பின் வாரம் அரைக் கிலோ இறங்கினால் பால் குறையாது. இரும்பு மாத்திரை பிறந்தபின்னும் 180 நாள் தொடர வேண்டும், பிரசவத்தோடு அட்டையை மடித்து வைத்துவிடுவதால்தான் பலருக்கு அடுத்த பிள்ளை ரத்தச்சோகையிலேயே தொடங்குகிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர் அது போய்விட்டதா என்று ஆறாவது வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவதும் அதே வாரம்தான், ஒரே பஸ் பயணத்தில் இரண்டும் முடியும். இந்தத் தடவை வெறும் வயிற்றில் போக வேண்டியிருக்கும், இரண்டு மணிநேரம் காத்திருக்கும்போது பிள்ளையை வைத்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒரு ஆளையும் அழைத்துப் போங்கள்.